நான் கத்தரித்த ஜாதகம்

எங்கள் வீட்டில் பழைய தாள் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது என்ற சட்டம், அத்தை துண்டுத்துணிப் போர்வை தைக்க ஆரம்பித்த வருஷத்தில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் தாள் எல்லாம் வெந்நீர் அடுப்புக்குத்தான் போகும். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கழித்துப் போட்ட பரீட்சைத் தாள்களைக் கட்டுக் கட்டாகச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவருவார். தென்காசிப் பிள்ளைகளின் கணக்கையும் பூகோளத்தையும் எரித்து நாங்கள் வருஷக்கணக்காக வெந்நீரில் குளித்திருக்கிறோம். ஊர் உலகமெல்லாம் ரயிலேறி வந்து குற்றாலத்து அருவியில் நிற்கும். மூன்று மைல் தள்ளியிருந்த நாங்கள் சளி பிடிக்கும் என்று வீட்டிலேயே குளிப்போம்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கையால் சுற்றுகிற தையல் மெஷின் ஒன்று வைத்திருந்தாள். கடைத்தெருவில் தையல்கடை போட்டிருந்த பாய்க்குச் சட்டைகளுக்குக் காஜா போட்டுக் கொடுப்பாள். அவர் கடையில் மிஞ்சுகிற வெட்டுத்துணிகளை ஒரு சாக்கில் அடைத்துக் கொடுத்தனுப்புவார். அந்தத் துண்டுகளை வைத்துப் போர்வை தைக்கலாம் என்பதைப் படிக்கிற காலத்தில் தையல் டீச்சரிடம் கற்றிருந்தாள்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. பாப்ளின் விறைத்துக்கொண்டு நிற்கும், மல் துணி நெளியும், சீட்டி தன் இஷ்டத்துக்குக் குறுக்கே இழுக்கும். இவற்றை நேருக்கு நேர் சேர்த்துத் தைத்தால் எல்லாம் சுருண்டுபோகும். அதனால் அடியில் ஒரு தாள். சதுரமாக வெட்டிய தாளின் நடுவே ஒரு துண்டை வைத்து, அதன் மேல் இன்னொரு துண்டைக் கவிழ்த்து, தாளோடு சேர்த்து ஒரு தையல் ஓட்டி, மேல் துண்டைப் புரட்டி நகத்தால் அழுத்திவிட வேண்டும். இப்படி நடுச் சதுரத்தைச் சுற்றி நாலு பக்கமும் பட்டை வந்துவிட்டால் ஒரு கட்டம் முடிந்தது. தாள் பிடித்துக்கொள்வதால் துணி அசையாது. எல்லாக் கட்டங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்த பிறகுதான் பின்னாலிருந்து தாளைக் கிழித்து எடுக்கலாம். ஊசி குத்திய வரிசையில் அது சர்ரென்று வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் அத்தையிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

ஆனால் கிழிக்கிற நாள் எப்போதோ ஒருநாள்தான் வரும். மற்ற நாளெல்லாம் வெட்டுகிற வேலை. ஒரு அட்டையை அளவுக்கு வைத்துத் தாளைக் கத்தரித்து, ஒவ்வொரு தாளிலும் நடுச் சதுரத்துக்கும் பட்டைகளுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட வேண்டும். கோடு கோணினால் போர்வையும் கோணும். செய்தித்தாள் ஆகாது, மை துணியில் ஏறிவிடும். வழவழப்பான தாளும் ஆகாது. பரீட்சைத் தாள்தான் பதம். அதுவும் சாரல் காலத்தில் நமுத்துப்போகும் என்று அம்மா அடுப்படிப் பரணில் ஏற்றி வைத்திருப்பாள். அது அம்மா அத்தைக்குச் செய்த உபகாரம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தைக்கும்போது அத்தை தாளில் எழுதியிருப்பதை வாசிப்பாள். பசுவால் நமக்குக் கிடைக்கும் ஐந்து நன்மைகளை எழுதச் சொன்னதற்கு ஒரு பிள்ளை ஐந்து வரியிலும் சாணி என்று எழுதியிருந்தது. சிற்றாறு எங்கே உற்பத்தியாகிறது என்பதற்கு ஒருவன், "எங்கள் வீட்டுக்குப் பின்னால்" என்று போட்டிருந்தான். அப்பா அதற்குப் பெரிய சிவப்புச் சுழியம் போட்டிருந்தார். "அவன் வீட்டுக்குப் பின்னால ஆறு ஓடுனா அவன் என்ன செய்வான் பாவம்" என்று சொல்லிச் சொல்லி அத்தை சிரித்தாள். மெஷின் சக்கரத்தைச் சுற்ற முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மா சிரிக்க மாட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது ஒரு காரணம். அத்தையோடு அவளுக்கு அவ்வளவாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது இன்னொரு காரணம். சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு என் மூலமாகப் பேசிக்கொள்வார்கள். "ரசத்துக்கு உப்புப் போட்டாச்சான்னு ஒங்க அத்தைட்ட கேளுட்டி" என்பாள் அம்மா. "போட்டாச்சுன்னு சொல்லு" என்பாள் அத்தை, இரண்டு முழம் தள்ளி நின்று. இருவருக்கும் நடுவில் தபால்காரர் வேலை பார்த்து எனக்கே சலித்துவிட்டது. "இந்தக் குமரு ஒரு எடத்துக்குப் போனாத்தான் எனக்கு விடியும்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அத்தையைத் துரத்தப் பார்க்கிறாள் என்றே அதற்கு அர்த்தம் வைத்திருந்தேன்.

அத்தைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. ஜாதகத்தில் எட்டாமிடத்தில் செவ்வாய். அப்படிப்பட்ட பெண்ணைக் கட்டுகிறவனுக்கு ஆயுசு நிற்காது என்பார்கள். அதே தோஷம் உள்ள மாப்பிள்ளையாகப் பார்க்க வேண்டும், அது அகப்படவில்லை. திருவேங்கடத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. வேறு எங்கெங்கிருந்தோ வந்தார்கள். பெரும்பாலும் சாரல் சீசனில்தான் வருவார்கள். பெண்ணைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, அருவியில் குளித்த மாதிரியும் ஆச்சு என்று அப்பாவே கசப்பாகச் சொல்வார். காபியைக் குடித்து, பெண்ணைப் பாராட்டி, ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். பத்து நாளில் ஜாதகம் தபாலில் திரும்பி வரும். அன்றைக்கு மெஷின் ஓடாது. அத்தை அதன் முன்னால் உட்கார்ந்து எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பாள்.

அந்த வருஷ ஆனி மாதத்தில் ஆலங்குளத்துக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு ஆபீசில் குமாஸ்தா. ஏதோ கல்யாண வீட்டில் அத்தையைப் பார்த்துவிட்டு அவராகவே வீட்டில் சொல்லி அழைத்து வந்திருந்தார். மற்ற மாப்பிள்ளைகளைப் போல விட்டத்தைப் பார்க்காமல், மெஷின் மேல் கிடந்த கட்டங்களை எடுத்துப் பார்த்து, பின்பக்கம் திருப்பி, ஒரு பையனின் விடையை வாசித்துச் சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். போகும்போது, "பொண்ணு பிடிச்சிருக்கு. வெள்ளிக்கெழமை ஆளனுப்புதோம், ஜாதகத்தக் குடுத்து விடுங்க. அது மட்டும் பொருந்திட்டா பேச்சே இல்ல" என்றாள்.

அவர்கள் தெரு திரும்பியதும் அத்தை அப்பாவிடம், "அண்ணே, அதைக் குடுக்க வேண்டாம். திரும்பி வாறதுக்கு எதுக்கு அனுப்பணும்?" என்றாள். அழவில்லை. குரல் மட்டும் யாருடையதோ போல இருந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள். 

மறுநாள் அப்பா தன் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, என் பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு, அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, தாளு பத்தலன்னு சொன்னியே. இந்தா, இதையும் வெட்டிக்கோ."

பழுப்பேறிய, நீளமாக மடித்த கனத்த தாள்கள். பிரித்துப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரோ எனக்காகவே கோடு போட்டு வைத்திருந்தார்கள். நடுவில் பெரிய சதுரம், சுற்றிலும் நாலு பக்கமும் பட்டை, பட்டைக்குள் கட்டம் கட்டமாகச் சூ, செ, பு என்று ஓரெழுத்துகள். அத்தை தைக்கிற மாதிரிக்கு அச்சாக அதே அமைப்பு, அளவும் ஏறக்குறைய அதே அளவு. அப்படி ஒன்றல்ல, இரண்டு. இரண்டு தாளுக்குக் கோடு போடுகிற வேலை மிச்சம். நாலு மூலையும் மட்டும் யாரோ கத்தரித்திருந்தார்கள். எனக்கு வேண்டியது நடுவில் இருந்ததுதானே. கட்டத்தின் ஓரத்தோடு ஒட்டி வெட்டினேன். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் வெட்டியதில்லை. மிச்சத் தாள்களையும் அட்டை வைத்து வெட்டினேன்.

அடுக்கிக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தேன். முதல் தாளை எடுத்து அத்தை வாசிக்க ஆரம்பித்தாள். சிரிக்கவில்லை.

"இது ஏதுட்டி?"

"அம்மா குடுத்தா. பாத்தியா அத்தை, கோடு போட்டே இருக்கு!"

அத்தை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அம்மா அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மிச் சத்தம் நின்றது. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் என்னைத் தூது விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மி மறுபடி ஓட ஆரம்பித்தது.

அத்தை சாக்கில் கையை விட்டு நல்ல சிவப்புப் பாப்ளின் துண்டாகத் தேடி எடுத்தாள். அந்தத் தாளின் நடுச் சதுரத்தில் வைத்தாள். முதல் தையல் வளைந்தது. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு கட்டத்தையும் முடித்துவிட்டு, "கிழிச்சிருட்டி. மிச்சத்தையும் சேத்து அம்புட்டையும் அடுப்புல போட்டுட்டு வா" என்றாள்.

"இன்னும் சேக்கவே இல்லியே அத்தை. இப்பமே கிழிச்சா கோணிக்கிடாதா?"

"கோணுனா கோணட்டும்."

இரண்டு கட்டத்திலும் தாள் சர்ரென்று வந்தது. அடுப்பில் போட்டேன். சுகமாக வெந்நீர் காய்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்திரம், வேட்டி, பழைய போட்டோ எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டார். ஜாதகத்தைக் காணோம். வீடே அல்லோலகல்லோலப்பட்டது. எல்லாரும் தேடுகிறார்களே என்று நானும் தேடினேன். என்ன தேடுகிறோம் என்று கேட்டதற்கு அப்பா, "கட்டம் போட்ட தாளுட்டி! நடுவுல ராசின்னு எழுதியிருக்கும்" என்றார்.

"அதா? அது போர்வைக்கு வெட்டியாச்சே" என்றேன், வேலை முடித்தவளுடைய பெருமையோடு.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து அம்மா பக்கம் திரும்பினார். "ஏளா, பெட்டிக்குள்ள இருந்தது இவ கைக்கு எப்படி வந்துச்சு?"

"தாளு தாளுன்னு அலைஞ்சா. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். எனக்கு எழுத்தா தெரியும்?" என்றாள் அம்மா.

"எழுத்துத் தெரியாட்டா மஞ்ச கூடவா தெரியாது? ஜாதகம்னா நாலு மூலைலயும் மஞ்ச தடவியிருக்குமே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

அம்மாவை அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் போல் இருந்தது. ஓடிப் போய் நடுவில் நின்றேன். "மஞ்சளே இல்லப்பா! அம்மா குடுக்கும்போதே நாலு மூலையும் யாரோ..."

முதுகில் ஓங்கி ஒரு அறை விழுந்தது. அம்மாதான். "வெட்டுறதையும் வெட்டிப்போட்டு வாயாடுதியா? சனியன்!" இன்னொரு அறை. அம்மா என்னைத் தொட்டு அடித்தது அதுதான் முதல் தடவை. சொல்ல வந்ததை விட்டுவிட்டு நான் தெருவுக்குக் கேட்கும்படி அலறினேன். அத்தை ஓடி வந்து என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அப்பாவின் கோபமெல்லாம் திசை மாறியது. "நீ குடுத்ததைத்தானே வெட்டுனா? பிள்ளைய ஏன் அடிக்கே?" என்று கத்தினார். மஞ்சளை அதற்குப் பிறகு யாரும் நினைக்கவில்லை.

அம்மாவுக்குப் பரிந்து பேசப் போய் அம்மா கையாலேயே அடி வாங்கியதை நான் லேசில் மன்னிக்கவில்லை. இரண்டு நாள் அவள் போட்ட சோற்றைத் தின்னாமல், அத்தை பிசைந்து கொடுத்தால்தான் ஆச்சு என்று இருந்தேன்.

வந்த ஆளை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, ஜாதகத்தைப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. பழசை எழுதிய ஜோசியரும் தாத்தா ஆச்சியும் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிறந்த நேரம் அந்தத் தாளில் மட்டும்தான் இருந்தது. அத்தை பிறந்தபோது அப்பா செங்கோட்டையில் தன் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவர். பிறந்த நாள் தெரியும், நேரம் தெரியாது. என்ன செய்வது என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படி நிலையில் நின்று சொன்னாள்.

"ஒங்க அம்மா எங்கிட்ட சொல்லியிருக்காக. செங்கோட்டை ரயில் கூவிக்கிட்டுப் போற நேரத்துக்குப் பொறந்தாளாம். உச்சிக்காலத்துக்கு ரெண்டு மணி நேரம் முந்தி."

அத்தை தலையை நிமிர்த்தி மதினியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, கையில் இருந்த நூலைக் கடித்து அறுத்துக்கொண்டாள். "அப்படித்தானாட்டி?" என்று அப்பா கேட்டார். "எனக்கென்ன தெரியும்? மதினி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். மதினி என்ற சொல்லை அவள் என் மூலமாக அல்லாமல் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அப்பா இலஞ்சியில் ஒரு ஜோசியரிடம் போய்விட்டு வந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "செவ்வா ஒம்பதுல நிக்கி. தோஷமே இல்லங்காரு. பழசை எழுதினவரு நேரத்தத் தப்பாக் கணிச்சிருக்காருன்னு சொல்லுதாரு" என்றார். மெய்யெழுத்தில் புள்ளி விட்டுப்போனால் அரை மார்க் குறைக்கிற மனுஷர் என் அப்பா. அவர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. இலஞ்சியிலிருந்து வரும்போதே அரைப்படி பூ வாங்கி வந்திருந்தார்.

ஆவணியில் கல்யாணம். அதற்குள் போர்வையும் முடிந்தது. அவசரப்பட்டுத் தாளைக் கிழித்த இரண்டு கட்டங்கள் மட்டும் பக்கத்துக் கட்டங்களோடு பொருந்தாமல் கோணிக்கொண்டு நின்றன. புறப்படும்போது அத்தை அம்மா காலில் விழுந்தாள், எழுந்திருக்கவே இல்லை. அம்மா குனிந்து தோளைப் பிடித்துத் தூக்கி, "மழை வாறதுக்கு முன்ன கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த நேரத்திலாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அத்தை போன அடுத்த வாரத்திலிருந்து அம்மா செவ்வாய்க்கிழமைகளில் சாப்பிடுவதை விட்டாள். கேட்டால் வயிறு சரியில்லை என்பாள். செவ்வாய்க்கிழமை மட்டும் பார்த்து ஒரு வயிறு எப்படிக் கெடும் என்று நான் யோசிக்கவில்லை. அம்மா பங்கு அப்பளம் எனக்கு வந்துகொண்டிருந்தது.

எனக்குக் கல்யாணம் ஆகி, நாத்தனார்களும் வந்த பிறகுதான் இதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவள் செய்கிற காரியம் என்று முதலில் நினைத்தேன். அப்படியல்ல. எங்கள் வீட்டிலேயே அதை அதிகமாக நம்பியவள் அம்மாதான். மஞ்சள் மூலைகளை அவள் கையாலேயே கத்தரித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் மாறினால் செவ்வாய் ஒரு வீடு தள்ளிப் போகும் என்று கேள்விப்பட்டு, நேரத்தை மாற்றிச் சொன்னாள். ஆனாலும் செவ்வாய் எட்டாமிடத்தைவிட்டு அசையவில்லை என்று அவள் மனசுக்குள் தெரியும். நாத்தனாருக்காகச் சொன்ன பொய்யில் ஒரு மனுஷன் உயிர் போய்விடக் கூடாதே என்று, தெய்வத்துக்குத் தன் வயிற்றைப் பிணை வைத்தாள். அத்தையும் அவளும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது. அத்தையைக் கட்டிய மாமா எண்பது தாண்டியும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

இது எதுவும் தெரியாத அந்த எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது, அத்தையிடமிருந்து வருகிற கார்டுகள்தான். அப்பா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் தபால் வந்தால், அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டுவேன்.

"மாமா சொகமா இருக்காராமா?"

"அதான் எல்லாரும் நலம்னு போட்டிருக்கே."

"எல்லாரும்னா? அவரு பேரு தனியாப் போட்டிருக்கா பாரு. காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணுமில்லியே?"

கார்டுக்குக் கார்டு இதே கேள்வி. எழுதியவள் அத்தை. அவள் எப்படி இருக்கிறாள், சாப்பிட்டாளா, மாமியார் கொடுமைப்படுத்துகிறாளா என்று ஒருநாள்கூட அம்மா கேட்டதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. முதுகில் விழுந்த அடி வேறு மறக்கவில்லை. ஐப்பசியில் ஒரு கார்டு வந்தது. அதில் அத்தை, ஆலங்குளத்துப் புழுக்கத்தில் போர்வையைப் போர்த்த முடியவில்லை, விரித்துத்தான் படுக்கிறோம் என்று எழுதியிருந்தாள். நான் அதை விட்டுவிட்டு, "மாமாவுக்கு நாலு நாளாக் காய்ச்சல்" என்று இல்லாத ஒன்றை வாசித்தேன்.

அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். அடுப்பு விறகை வெளியே இழுத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் குடைகூட இல்லாமல் ஆய்க்குடிக்கு நடந்தே போனாள். பயந்துபோய்க் கார்டைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்தேன். ஆய்க்குடி முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அவள் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதடு நீலம் பாரித்திருந்தது. முந்தானைக்குள் ஈரம் படாமல் முடிந்து வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கவருக்குள்ள வச்சு அனுப்பு. மாமா நெத்தியில தெனமும் பூசச் சொல்லி எழுது."

"அத்தைக்கு?" என்று கேட்டேன்.

"அவளுக்கென்ன? அவரு நல்லாருந்தா அவ நல்லாருப்பா" என்று சொல்லிவிட்டு அம்மா சேலை மாற்றப் போனாள்.

அம்மாவுக்கு அத்தை மேல் துளிகூடப் பிரியம் கிடையாது என்று அன்றைக்கு நான் தீர்மானமாக முடிவுகட்டினேன்.